வலது கால் கியர்

ஜனவரி 9

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே இருவரும் சௌக்கியம். உன் தங்கைக்கு என் மேல் கோபம். அதுவும் ஒருவிதத்தில் உடம்புக்கு நல்லது, ரத்த ஓட்டம் சீராக இருக்கிறது. உனக்குச் சளி விட்டதா?

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ கூப்பிட்டால் அவள் ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள். இது ஸ்பீக்கரில் பேசுகிற விஷயம் இல்லை. நான் வண்டி வாங்கிவிட்டேன். நான்கு சிலிண்டர். கறுப்பு.

பட்டறையை மூடிய கையோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வேலை பார்த்த காலம் முழுக்க ஊரார் வாய்க்குப் பல் செட் செய்து கொடுத்தாயிற்று, நான் கடித்துப் பார்க்க ஒன்றாவது வேண்டாமா என்று தோன்றியது. கடையில் இருந்த பெண் கேட்டாள்: "சார், பையனுக்குப் பாக்கறீங்களா?"

"இல்லம்மா, எனக்குத்தான்."

என் தலையைப் பார்த்தாள். பிறகு வண்டியைப் பார்த்தாள். "இதுல ஹேண்டில் தாழ்வா இருக்கும் சார். முதுகு வலி ஏதாவது இருக்கா?"

"உள்ள வர்றப்ப இருந்துச்சு" என்றேன்.

வீட்டுக்கு ஓட்டி வந்தபோது உன் தங்கை யார் வீட்டுத் திரைச்சீலையையோ தைத்துக்கொண்டிருந்தாள். மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்து வண்டியை ஒரு சுற்று சுற்றினாள்.

"பின்னாடி உக்கார இடமே இல்லையே?"

"இருக்கே, இந்தா."

"இதுவா? தபால் பெட்டி மூடி மாதிரி இருக்கு. இதுல யாரு உக்காருவா?"

"நீதான்."

"எங்க அண்ணன் வண்டியில இத்தனை வருஷமா உக்காந்து வர்றேன். அது வண்டி. இது கத்தி."

நீ பிளேன் ஏறியபோது இங்கே விட்டுப்போன உன் வண்டியைப் பற்றிக் கவலைப்படாதே. நீ சொன்னபடி, சும்மா ஸ்டார்ட் செய்து அணைக்காமல், வாரத்தில் இரண்டு நாள் ரோட்டில் ஓட்டிவிட்டுத்தான் ஷெட்டில் விடுகிறேன். ஒரே ஒரு தொல்லை. உன் வண்டியில் வலது காலில் கியர், இடது காலில் பிரேக். புதியதில் எல்லாம் நேர் எதிர். கால் குழம்புகிறது. பழகிவிடும்.

நீ வரும்போது நீ உன் வண்டியில், நான் என் வண்டியில், அணைக்கட்டு ரோடு முடிகிற வரை போகலாம். நான்தான் முன்னால்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை


பிப்ரவரி 2

மாப்பிள்ளைக்கு,

சளி விட்டுவிட்டது. இருமல் மட்டும் வாடகை கொடுக்காமல் தங்கியிருக்கிறது. நீங்கள் இருவரும் நலமாக இருப்பது தெரிந்து மகிழ்ச்சி. அவள் கோபமாக இருப்பது தெரிந்து அதைவிட மகிழ்ச்சி.

உன் கடிதத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தேன். நான் வேலை பார்க்கிற ஷெட்டில் யாரும் சத்தமாகச் சிரிப்பதில்லை. பழைய கார்ப் பிரியர்கள் கொண்டுவந்து விடுகிற வண்டிகள் இங்கே ஆஸ்பத்திரி மாதிரி வரிசையாகப் படுத்திருக்கின்றன. எல்லோரும் மெதுவாகத்தான் பேசுவார்கள். ஒரு கப்பல் கேப்டன் இருக்கிறார், ஓய்வு பெற்றவர். இரண்டு பேர் உட்காருகிற பச்சை நிற கார். தகரம் தட்டி, துரு எடுத்து, பெயிண்ட் அடித்து, நான்தான் அதை மறுபடி காராக்கினேன். வாராவாரம் வருவார். கதவைத் திறந்து உட்காருவார். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு இறங்கிப் போய்விடுவார். "ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்களேன்" என்றால், "அழுக்காயிடும்" என்கிறார். இது என்ன பிரியம் மாப்பிள்ளை? ஓடாத வண்டிக்கும் அலமாரிக்கும் என்ன வித்தியாசம்? அதனால்தான் உனக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், என் வண்டியைத் தூங்க விடாதே. நின்றால் கார்புரேட்டரில் பிசின் கட்டிவிடும். ரப்பரெல்லாம் வெடித்துவிடும்.

என்னை இப்போது ஸ்பிரே அறையிலிருந்து பாலிஷ் வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள். பெயிண்ட் புகை போதும் என்று நானே கேட்டு வாங்கினேன்.

இந்த வருஷம் ஊருக்கு வருகிறேன். வருஷக் கடைசிக்குள். ஒவ்வொரு தடவையும் சொல்கிற மாதிரி இல்லை, நிஜமாக. வந்து இறங்கிய அன்றே வண்டியை எடுப்பேன். முன்னால் யார் போகிறார்கள் என்று அணைக்கட்டு ரோட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த கடிதத்தைக் கொஞ்சம் பட்டையான பேனாவில் எழுது. உன் எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. என் அறையில் வெளிச்சமும் மட்டம்.

அன்புடன்,
மச்சான்


பிப்ரவரி 27

அன்புள்ள மச்சானுக்கு,

பேனா மாற்றிவிட்டேன். பார், இப்போது எறும்பு இல்லை, கட்டெறும்பு. இருமலுக்கு மருந்து சாப்பிடு. தனிக்கட்டை என்பதற்காக எல்லாவற்றையும் வெந்நீரிலேயே முடித்துவிடாதே.

போன ஞாயிற்றுக்கிழமை முதல் தடவையாக வண்டியை அவிழ்த்து விட்டேன். அணைக்கட்டு ரோட்டில் மரங்கள் முடிந்து வெட்டவெளி வருமே, அங்கே. கியரைப் போட்டு ஆக்சிலேட்டரை முறுக்கினேன். மச்சான், சத்தம் பின்னால் தங்கிவிடுகிறது. ஹெல்மெட் கண்ணாடிக்குள் என் மூச்சு மட்டும்தான் கேட்டது. திரும்பி வந்து எஞ்சினை அணைத்த பிறகும் கை நடுங்கிக்கொண்டிருந்தது. பயத்தினாலா சந்தோஷத்தினாலா என்று எனக்கே தெரியவில்லை. உன் தங்கையிடம் "காத்து ஜில்லுன்னு இருந்துச்சு" என்றேன். "கை நடுங்கற காத்தா?" என்றாள்.

என்னைப் போல நாலைந்து பேர் ஞாயிறு காலையில் அங்கே வருகிறார்கள். ஒரு பாங்க் மேனேஜர், ஒரு கால்நடை டாக்டர். எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். ஹெல்மெட்டைக் கழற்றினால் வரிசையாக வழுக்கை. முதலில் வண்டியைப் பற்றிப் பேசுவோம், அப்புறம் முழங்காலைப் பற்றி.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். தப்பாக எடுத்துக்கொள்ளாதே. செவ்வாய்க்கிழமை உன் வண்டியில் போகும்போது முன்னால் ரொட்டிக் கடை வேன் நின்றுவிட்டது. நான் வலது காலை அமுக்கினேன். அங்கே இருப்பது கியர் அல்லவா? முன் பிரேக் பிடித்து, வேனின் பின்கதவுக்கு ஒரு முழம் முன்னால் நின்றேன். அடுத்த நாள் புது வண்டியில் அதே கதை, தலைகீழாக. ஒன்றில் பழகுகிற காலை மற்றது கலைத்துவிடுகிறது.

லேத் பட்டறைக்காரர் உன் வண்டி மேல் வெகுநாளாகக் கண் வைத்திருப்பது உனக்குத் தெரியும். அவர் கையில் இருந்தால் ஒரு நட்டுகூட லூசாகாது. நீ வருகிற வரை அவரிடம் இருக்கட்டுமா? விற்க இல்லை. நீ வந்த அன்றைக்கே வாங்கிக்கொள்ளலாம்.

பதிலை எதிர்பார்க்கும்,
மாப்பிள்ளை


மார்ச் 20

மாப்பிள்ளைக்கு,

என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் கடிதத்தைப் படித்த பிறகு மனசுக்குத்தான்.

என் வண்டியைத் தத்து கொடுக்கப் பார்க்கிறாயா? ஊரை விட்டுக் கிளம்பிய அன்று சாவியை யார் கையில் கொடுத்தேன்? லேத்காரன் கையிலா? அந்தப் பெட்ரோல் டாங்கைத் தகரத்தில் நானே அடித்தேன், அந்த மெரூன் நிறத்தை நானே கலக்கினேன். அதில்தான் உன்னைப் பின்னால் உட்கார வைத்து ஊர் முழுக்கச் சுற்றினேன், அதில்தான் நீ என் தங்கையை முதன்முதலில் பார்த்துப் பல்லிளித்தாய்.

கால் குழம்புகிறதாம். ஆயிரம் வாய்க்குப் பல் செட் செய்தவன் நீ. ஒவ்வொருவன் கடியும் வேறு வேறு. மாவு அச்சைக் கையில் எடுத்ததுமே "இது இன்னார் வாய்" என்று சொல்வாயே? உன் மண்டையில் அத்தனை வாய் இருக்கும்போது உன் காலில் இரண்டு பெடல் இருக்காதா? காலையில் அதை ஓட்டு, சாயங்காலம் இதை ஓட்டு. மாற்றி மாற்றி ஓட்டினால் கால் தானாகக் கற்றுக்கொள்ளும். நீ யோசிக்காதே, காலை விட்டுவிடு, அதற்குத் தெரியும்.

தங்கைக்கு: என் வண்டியில் மட்டும்தான் உட்காருவேன் என்பது என் மேல் பாசம் என்று தெரிகிறது. இருந்தாலும் பாவம், ஆசைப்பட்டு வாங்கியிருக்கிறான். ஒரு தடவை அவன் பின்னால் உட்கார்ந்து பார். அண்ணன் சொல்கிறேன்.

நான் வருகிற வரை என் வண்டி உங்கள் ஷெட்டில்தான் இருக்க வேண்டும்.

மச்சான்


ஏப்ரல் 14

அன்புள்ள மச்சானுக்கு,

எல்லோரும் நலம். கோபத்தில் எழுதினாலும் உன் எழுத்து பெரிதாக, வட்டமாக இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளை எழுதின மாதிரி. உனக்கு வயது திரும்புகிறதா?

வண்டி எங்கேயும் போகாது. லேத்காரரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். நீ சொன்னபடி மாற்றி மாற்றித்தான் ஓட்டுகிறேன். விடு, அந்தப் பேச்சு முடிந்தது.

சேதி என்னவென்றால், உன் தங்கை உட்கார்ந்துவிட்டாள்! உன் கடிதத்தின் கடைசிப் பத்தியை இரண்டு தடவை படித்தாள். "அண்ணனே சொல்லிட்டான், இனிமே வேண்டாம்னு சொன்னா நான் பயந்தாங்கொள்ளின்னு ஆயிடும்" என்று கிளம்பினாள். ஹெல்மெட்டை மாட்டிவிட்டேன்.

"காது கேக்கல."

"கேக்க வேண்டாம். பிடிச்சுக்கோ."

"எதைப் பிடிக்கறது? இந்த வண்டியில பிடிக்க ஒரு கம்பிகூட இல்லையே."

"என்னைப் பிடி."

"இதுக்குத்தான் இந்த வண்டிய வாங்கினீங்களா, இந்த வயசுல?"

மெதுவாகத்தான் போனேன். அணைக்கட்டு ரோட்டில் மட்டும் கொஞ்சம் விட்டேன். முதுகில் அவள் ஏதோ கத்துவது தெரிந்தது. பயந்துவிட்டாள் என்று நிறுத்தினேன். ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு, "ஏன் நிறுத்தினீங்க? அந்த பாங்க்காரர் முந்திட்டுப் போறாரு பாருங்க!" என்றாள்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தையலுக்கு லீவு. வழுக்கைத் தலைக் கூட்டத்துக்கு நடுவில் அவள்தான் இப்போது தலைவி. இதற்கு உனக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

தேதி முடிவானதும் எழுது. உனக்கு மேல்மாடி அறையைச் சுத்தம் செய்யப் போகிறாளாம்.

அன்புடன்,
மாப்பிள்ளை


ஜூன் 3

மாப்பிள்ளைக்கும் தங்கைக்கும்,

நான் நலம். நீங்கள் நலம்தானா என்பதைத்தான் கொஞ்ச நாளாக எழுத மாட்டேன் என்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை தலைவிக்கு அண்ணன் மறந்துபோய்விட்டானா? போன கடிதத்துக்கு நான் பதில் எழுதத் தாமதமானது உண்மை. அதற்குப் பழிவாங்குகிறாயா?

கேப்டன் போன வாரம் வந்து கார் கதவை மூடிப் பார்த்துவிட்டு, "சத்தம் கொஞ்சம் மாறியிருக்கு" என்றார். மாறவில்லை, அவர் காதுதான் மாறியிருக்கிறது. சொல்லவில்லை. ரப்பரைத் துடைத்துவிட்டு, "இப்ப பாருங்க" என்றேன். "இப்ப சரி" என்றார்.

என் வண்டியில் ஆயில் மாற்றினாயா? வெயில் காலம். எழுது.

மச்சான்


ஜூலை 1

மாப்பிள்ளை,

நேற்று கூப்பிட்டேன். அவள்தான் எடுத்தாள். "எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம் அண்ணா, அடுப்பில வேலை இருக்கு" என்றாள். ஸ்பீக்கரில் போடவில்லை. பின்னால் மிஷின் சத்தமும் இல்லை. உன்னைக் கேட்டேன், வெளியே போயிருக்கிறாய் என்றாள். நீ இருமியது எனக்குக் கேட்டது.

என்ன நடந்தது? இரண்டு வரி எழுது போதும்.

மச்சான்


ஜூலை 22

அன்புள்ள மச்சானுக்கு,

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

மே மாதம் விழுந்துவிட்டோம். அணைக்கட்டு ரோட்டிலிருந்து திரும்பும்போது ஒரு வீட்டு கேட்டிலிருந்து வேன் ரிவர்ஸில் வந்தது. ரோட்டோரம் மணல். வழுக்கிவிட்டது. எனக்குத் தோலில் சிராய்ப்பு மட்டும். அவளுக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் செய்து பிளேட் வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்துவிட்டாள். வாக்கர் பிடித்து அறைக்குள் நடக்கிறாள். ஒரு கால் கொஞ்சம் குட்டையாகிவிடும் என்கிறார்கள். மிஷின் மிதிப்பதைப் பற்றி இப்போது பேச வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

உனக்குச் சொல்ல வேண்டாம் என்று அவள்தான் சொன்னாள். நீ கலங்குவாய் என்று.

கறுப்பு வண்டியைக் கொடுத்துவிட்டேன். உன் வண்டி நன்றாக இருக்கிறது. ஆயில் மாற்றிவிட்டேன். வாரத்தில் இரண்டு நாள் ஓட்டுகிறேன்.

மாப்பிள்ளை


ஆகஸ்ட் 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் இப்போது தேவலை. நீ பதறிக்கொண்டு எழுதிய கடிதம் வந்தது. இவர் படித்துவிட்டு என் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். பதில் எழுதுவார் என்று பார்த்தேன், எழுதுகிற மாதிரித் தெரியவில்லை. அதனால் நானே எழுதுகிறேன். எப்போதும் அவர் கடிதத்தின் ஓரத்தில் இரண்டு வரி எழுதியே பழகிவிட்டேன். முழுக் காகிதத்தைப் பார்த்தால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

வலி இருக்கிறது. பொறுத்துக்கொள்கிற வலிதான். எனக்குக் கவலை இவரைப் பற்றித்தான். பேச்சே இல்லை. முன்பெல்லாம் நான் ஒன்று சொன்னால் ஒன்பது சொல்வார். இப்போது "என்னங்க, டீ ஆறுது" என்றால் டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைக்கிறார். நான் வேண்டுமென்றே வம்புக்கு இழுக்கிறேன், வரமாட்டேன் என்கிறார்.

மணல் வழுக்கிவிட்டது என்று உனக்கு எழுதியிருப்பார். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்கிறார். மணல் இருந்தது உண்மை. ஆனால் அண்ணா, எனக்கு முன்னால் பார்க்கப் பயம், அதனால் எப்போதும் குனிந்து அவர் இடது காலைத்தான் பார்த்துக்கொண்டு வருவேன். மிஷின் மிதிக்கிறவள், கால்தான் என் கண்ணில் படும். வேன் வந்ததும் அவர் அந்தக் காலால் ஓங்கி மிதித்தார், கரப்பான் பூச்சியை மிதிப்பது போல, இரண்டு தடவை. வண்டி உதறிற்று, பின்பக்கம் அப்படியே விலகிப் போயிற்று. அது ஏன் என்று கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, மணல்" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. உனக்கு வண்டி தெரியும், உனக்குப் புரியலாம் என்றுதான் எழுதுகிறேன்.

இன்னொன்று. உன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டு வருகிறாரே, திரும்பி வரும்போது சட்டை முழுக்க வேர்த்துப் பிழிகிற மாதிரி இருக்கிறது. தெருமுனை வரைகூடப் போகிறாரா என்பது சந்தேகம். "பயமா இருந்தா ஏன் எடுக்கறீங்க?" என்றேன். "நின்னா கெட்டுப் போயிடும்" என்றார்.

லேத்காரரிடம் கொடுக்கலாமா என்று அவர் உன்னைக் கேட்டபோது, வேண்டாம் என்று நீ மட்டும் சொல்லவில்லை. நானும்தான் சொன்னேன். எங்களுக்காக வருகிறாயோ இல்லையோ, அந்த வண்டிக்காகவாவது ஒரு நாள் வருவாய் என்று எனக்கு ஒரு நினைப்பு. அம்மா போனபோது வந்தாய். அன்றும் முதலில் ஷெட்டுக்குத்தான் போனாய்.

எப்போது வருகிறாய்?

உன் தங்கை


செப்டம்பர் 10

மாப்பிள்ளைக்கு,

இதை நீ மட்டும் படித்தாலும் சரி, அவளிடம் கொடுத்தாலும் சரி.

அவள் எழுதியிருந்தாள். உன் இடது கால் மிதித்ததை, என்னவென்று தெரியாமலேயே எழுதிவிட்டாள். எனக்குத் தெரியாதா? கறுப்பு வண்டியில் இடது காலில் இருப்பது கியர். அந்த வேகத்தில் இரண்டு தடவை கியரைக் கீழே மிதித்தால் பின்சக்கரம் பிடித்துக்கொள்ளும். மணலே இல்லாவிட்டாலும் விழுந்திருப்பீர்கள். நீ பிரேக்கைத்தான் மிதித்தாய். என் வண்டியின் பிரேக்கை. வேன் வந்த அந்த நொடியில் உன் கால் என் வண்டியில் இருந்தது.

நீ பிப்ரவரியிலேயே கேட்டாய். நான் என்ன பதில் எழுதினேன் என்பது எனக்கு வார்த்தை வார்த்தையாக நினைவிருக்கிறது. காலை விட்டுவிடு, அதற்குத் தெரியும் என்று எழுதினேன். அவளையும் நான்தான் ஏற்றிவிட்டேன். நீ இதையெல்லாம் ஒரு இடத்தில்கூட எழுதவில்லை. மணல் என்று எழுதினாய். என்னைத் திட்டி ஒரு வரி எழுதியிருந்தால் எனக்கு இன்றைக்குக் கொஞ்சம் மூச்சு விட முடியும்.

வண்டியை லேத்காரரிடம் கொடுத்துவிடு. நான் வருகிற வரைக்கும் என்று இல்லை. அவருக்கே.

நான் அதை ஓட்டப் போவதில்லை. போன வருஷமே என் லைசன்ஸைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். கண்ணில் அழுத்தமாம். நேரே இருப்பது தெரிகிறது, பக்கவாட்டில் இருப்பது தெரிவதில்லை. பாலிஷ் வேலையை நான் கேட்டு வாங்கவில்லை. ஒரு கதவுக்குப் பெயிண்ட் அடித்துவிட்டு, முடிந்தது என்று ஸ்பிரே துப்பாக்கியைக் கழுவி வைத்தேன். போர்மேன் வந்து பார்த்தால் ஒரு ஓரம் முழுக்க வெறும் பிரைமர், அடிப்பூச்சு. என்னைத் திட்டவில்லை. கையைப் பிடித்து அந்த ஓரத்தில் வைத்துக் காட்டினார். போன மாதத்திலிருந்து பாலிஷும் இல்லை. கருவி எடுத்துக் கொடுக்கிறேன்.

உன் முதல் கடிதத்துக்குப் பதில் எழுதும்போதே கண் போவது எனக்குத் தெரியும். தெரிந்துதான் வந்ததும் வண்டியை எடுப்பேன் என்று எழுதினேன். அது அங்கே ஓடிக்கொண்டிருக்கிற வரை நானும் ஓட்டுகிறவன்தான் என்று இருந்தேன். கேப்டனைக் கேலி செய்து உனக்கு எழுதினேனே, அவராவது தன் காரில் தானே உட்கார்ந்துவிட்டுப் போகிறார். நான் உன்னை உட்கார வைத்தேன்.

நேரே இருப்பதும் எத்தனை நாள் தெரியும் என்று டாக்டர் சொல்லவில்லை.

வருவது பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

மச்சான்


நவம்பர் 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

வாக்கரை விட்டுவிட்டேன். கைத்தடி போதுகிறது. செருப்புக்கு அடியில் ஒரு பக்கம் மட்டும் கனமாக ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள், விந்தி விந்தி வாசல் வரை போகிறேன். உன் கண்ணுக்குச் சொட்டு மருந்து தவறாமல் விடுகிறாயா? யார் விட்டுவிடுகிறார்கள்? நீயே விட்டுக்கொள்கிறாயா?

உன் கடிதத்தை இவர் படித்துவிட்டு என்னிடம் கொடுத்தார். கொடுத்துவிட்டு ஷெட்டுக்குப் போனார். உன் வண்டியைத் துடைத்தார். துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் லேத்காரர் வந்தார். இவர் சாவியைக் கொடுத்து, "வலது கால் கியர், ஞாபகம் வச்சுக்கங்க. வேற வண்டி எதையும் ஓட்டாதீங்க" என்றார். அவர் சிரித்தார், இவர் சிரிக்கவில்லை. நான் கைத்தடியோடு வாசலில் நின்றேன். இரண்டாவது உதையில் ஸ்டார்ட் ஆனது. தெரு திரும்புகிற வரை பார்த்தோம்.

அதன் பிறகும் பல நாள் இவர் வாயைத் திறக்கவில்லை. போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது திடீரென்று ஆரம்பித்தார்.

"கண்ணு போகுதுன்னு அப்பவே சொல்லியிருக்கலாம்ல உங்க அண்ணன்?"

"சொல்லியிருந்தா வண்டிய குடுத்திருப்பீங்களா?"

"வண்டி கெடக்குது, விடு. சொல்லியிருந்தா நாம ரெண்டு பேரும் கிளம்பிப் போய்ப் பாத்திருப்போம். அப்ப உனக்குக் கால் நல்லா இருந்துச்சு. அவனுக்கும் நம்ம முகம் தெரிஞ்சிருக்கும். இப்ப உன்னால அத்தனை நேரம் பிளேன்ல உக்கார முடியுமா?"

முடியாது என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். இவர் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அண்ணா, எனக்கு உன் மேல் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். விழுந்ததற்குக் கோபம் இல்லை. வேன்காரன் பின்னால் பார்க்கவில்லை, இவர் கால் மாறிப் போயிற்று, நானும் ஆசைப்பட்டுத்தான் ஏறினேன். அந்தச் சில ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு நன்றாக இருந்தன, அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். வருகிறேன், வருகிறேன் என்று சொல்லி எங்களை இங்கேயே காத்திருக்க வைத்தாயே, அதற்குத்தான் கோபம்.

இனி ஓட்டுவதற்கு இங்கே எதுவும் இல்லை. ஷெட் காலியாக இருக்கிறது. வந்தால் எங்களைப் பார்க்க மட்டும்தான் வர வேண்டும். மேல்மாடி வேண்டாம், படி ஏற என்னாலும் முடியாது, உன்னாலும் முடியாது. முன்னறையில் உனக்குக் கட்டில் போட்டுவிட்டோம். ஜன்னலுக்கு நேரே.

இவரை ஒரு வரி எழுதச் சொல்லி இந்தப் பக்கத்தின் அடியில் இடம் விட்டிருக்கிறேன். பட்டைப் பேனாவைக் கையில் கொடுத்துவிட்டேன். எழுதாவிட்டால் இடத்தை அப்படியே விட்டு அனுப்பிவிடுவேன்.

உன் தங்கை

மச்சான்,
வருகிற தேதி போட்டு எழுது. தேதி இல்லையென்றால் எழுதாதே.